மீஸ் கருவியில் பைதான் ஆதரவு: ஒரு விமர்சனம்

அறிமுகம்

ஒரு திட்டத்துக்குத் தேவையான நிரல்மொழிகளையும் துணைக்கருவிகளையும் சரியான பதிப்பில் கணினியில் அமைத்துத் தரும் மென்பொருள்கள் மேம்பாட்டுச் சூழல் அமைப்புக் கருவிகள் எனப்படுகின்றன. மீஸ் அவற்றுள் ஒன்று. 2023இல் ஆர்டிஎக்ஸ் என்ற பெயரில் வெளிவந்த இக்கருவி, 2024இன் தொடக்கத்தில் மீஸ் எனப் பெயர் மாறியது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் வேண்டியதையெல்லாம் நறுக்கி, அளந்து, கைக்கெட்டும் இடத்தில் வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சமையல் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

நோட் ஜேஎஸ், ரூபி, கோ, பைதான் எனப் பல மொழிகளை ஒரே கருவியால் கையாளலாம் என்பதே மீஸின் சிறப்பு. ஆனால் பைதானைப் பொறுத்தவரை பெயர் தரும் வாக்குறுதியில் பாதிதான் நிறைவேறுகிறது. சரியான பதிப்பு வந்து சேர்கிறது. திட்டங்களைப் பிரித்து வைக்கும் வேலை பயனரிடமே விடப்படுகிறது.

நிறுவுதலில் ஏற்பட்ட முன்னேற்றம்

மீஸ் தொடக்கத்தில் பைஎன்வி என்ற பழைய கருவியின் வழியையே பின்பற்றியது. அதாவது, பைதானின் மூலநிரலைப் பதிவிறக்கிப் பயனரின் கணினியிலேயே தொகுத்தது. இதற்கு நேரம் பிடிக்கும் என்பது சிறிய குறை. பெரிய குறை வேறு. எஸ்கியூலைட், பிஇசட்2 போன்ற நூலகங்களின் மேம்பாட்டுக் கோப்புகள் கணினியில் இல்லாவிட்டால், ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டுத் தொகுப்பு முடிந்துவிடும். பைதான் இயங்கும். சில நாட்கள் கழித்து ஒரு மாணவர் எஸ்கியூலைட்டை இறக்குமதி செய்யும்போதுதான் அந்தக் கூறு இல்லை என்ற பிழை வரும். அவர் தம் நிரலில்தான் தவறு என்று தேடத் தொடங்குவார்.

இப்போது மீஸ், முன்கூட்டியே தொகுக்கப்பட்ட பைதானை இயல்பாகப் பயன்படுத்துகிறது. இவை 'பைதான் பில்டு ஸ்டாண்டலோன்' என்ற திட்டத்திலிருந்து வருகின்றன. 2024 டிசம்பர் முதல் இத்திட்டத்தை ஆஸ்ட்ரல் நிறுவனம் பராமரித்து வருகிறது. நிறுவுதல் சில நொடிகளில் முடிகிறது. தேவையான நூலகங்களும் உள்ளேயே இருக்கின்றன. தொகுக்கப்பட்ட கணினியின் பாதைகள் சில அமைப்புக் கோப்புகளில் தங்கிவிடுவதால், சி மொழி நீட்சிகளைக் கட்டும்போது சிக்கல் எழுவதுண்டு. இருப்பினும் தொடக்கநிலையாளருக்கு இது நல்ல மாற்றமே.

அடிப்படைக் குறை: எல்லை எங்கே?

மீஸின் அடிப்படைக் கருத்து எளிது. கோப்புறைக்குள் நுழைந்தால், அதன் அமைப்புக் கோப்பில் குறித்த பதிப்பு செயலுக்கு வரும். இக்கருத்து ரூபி உலகிலிருந்து வந்தது. பைஎன்வியே ஆர்பிஎன்வி என்ற ரூபி கருவியிலிருந்து கிளைத்ததுதான்.

நோட் ஜேஎஸ்ஸுக்கு இது பெரும்பாலும் போதும். அங்கே ஒரு திட்டத்தின் தொகுப்புகள் அத்திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே இறங்கும். பைதானில் அப்படி இல்லை. மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்காவிட்டால், பிப் நிறுவும் தொகுப்புகள் அந்த இன்டர்பிரெட்டரின் கோப்புறைக்குள் போய்ச் சேரும். திட்டத்துக்குள்ளேயே தொகுப்புகளை வைக்க வழிசெய்யும் பெப் 582 என்ற முன்மொழிவு 2018இல் எழுதப்பட்டு, 2023இல் நிராகரிக்கப்பட்டது. ஆகவே பைதானில் திட்டங்களைப் பிரிக்கும் வேலி மெய்நிகர் சூழல்தான். பதிப்பு எண் அல்ல.

இதன் விளைவைப் பார்ப்போம். ஒரு மாணவரின் இரண்டு திட்டங்களும் மீஸ் வழியாக ஒரே 3.12 பதிப்பைப் பயன்படுத்துகின்றன. முதல் திட்டத்துக்கு ஜாங்கோவின் பழைய பதிப்பு தேவை, இரண்டாவதற்குப் புதியது. இரண்டாவதில் புதியதை நிறுவியவுடன் முதல் திட்டம் உடைகிறது. இரு கோப்புறைகளிலும் அமைப்புக் கோப்பு சரியாகவே இருக்கிறது. பிழை எங்கிருந்து வந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. பெப் 668ஐ ஏற்ற டெபியன் 12, இயங்குதளத்தின் பைதானில் பிப் நேரடியாக எதையும் நிறுவ விடாது. மெய்நிகர் சூழலை உருவாக்கச் சொல்லி நிறுத்திவிடும். மீஸ் தரும் பைதானில் அந்தத் தடுப்பு இல்லை. ஒழுங்குக்காகக் கொண்டுவந்த கருவி, இந்த ஒரு விஷயத்தில் வெறும் இயங்குதளத்தைவிடத் தளர்வாக இருக்கிறது.

எதிர்வாதமும் பதிலும்

மீஸ் பல மொழிகளுக்கான பொதுக் கருவி. ஒவ்வொரு மொழியின் தொகுப்பு மேலாண்மையும் அதன் பொறுப்பல்ல என்று வாதிடலாம். மெய்நிகர் சூழலைத் தானாக உருவாக்கும் வசதியும் அதில் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். இது நியாயமான வாதமே. ஆனால் அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று அறிந்தவருக்கு மெய்நிகர் சூழலைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருக்கும். பாதுகாப்பு தேவைப்படுபவர் அதை அறியாதவர்தான்.

யூவி என்ற கருவி இதற்கு மாற்று வழி காட்டுகிறது. அதுவும் அதே முன்தொகுக்கப்பட்ட பைதானைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் திட்டத்தை இயக்கும்போது மெய்நிகர் சூழலைத் தானே உருவாக்குகிறது. தான் நிறுவிய பைதானுக்குள் பிப் நேரடியாக எழுதாதபடி அடையாளமும் இடுகிறது. யூவி பைதானுக்கு மட்டுமான கருவி என்பது உண்மை. ஆயினும் இந்த அடையாளத்தை இடுவது எந்தப் பொதுக் கருவிக்கும் இயலக்கூடிய சிறிய வேலைதான்.

முடிவுரை

பல மொழிகள் கலந்த திட்டங்களுக்கு மீஸ் பயனுள்ள கருவி. பைதானுக்காக அதைப் பயன்படுத்தும் மாணவர்கள், திட்டம் தொடங்கும்போதே மெய்நிகர் சூழலுக்கான வரியைச் சேர்த்துவிடுவது நல்லது. கருவி உருவாக்குவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு மொழிக்கு ஆதரவு சேர்ப்பது அதன் இன்டர்பிரெட்டரைப் பதிவிறக்குவதோடு முடிவதில்லை. அம்மொழியில் ஒரு திட்டம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்து, அந்த எல்லையை இயல்பிலேயே காப்பதும் ஆதரவில் அடங்கும்.