தேறாதவனின் கதை

புறநானூற்றின் 183ஆம் பாடலைப் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன். கல்வியின் மேன்மையைக் கூறவந்த அவன், தான் பெற்ற மக்களிடையேகூடக் கற்ற பிள்ளையின் பக்கமே அன்னையின் நெஞ்சம் சாய்ந்துவிடும் என்றொரு செய்தியைச் சொல்லிச் செல்கிறான். கல்வியைப் போற்றும் பாடல் என்றே பள்ளிநாள் தொட்டு இதனை நாம் படித்து வருகிறோம். ஆயினும், அவ்வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தான் என்பதை நினைப்பார் அரியர். அன்னையின் அன்பு எவனை விட்டு விலகிற்றோ அவன் என்ன ஆனான்? பாடல் அதனைக் கூறவில்லை. கூறுவது அதன் நோக்கமும் அன்று.

மாணவர் வாழ்வையும் அவர்தம் எதிர்காலக் கனவுகளையும் பொருளாகக் கொண்டு எழுந்த திரைக்கதைகளைக் காணும்போதெல்லாம் அந்த இன்னொரு பிள்ளையின் நினைவே நமக்கு எழுகிறது. அவற்றுள் நான்கினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொண்டு, வெற்றி பெறாதவனுக்கு அவை எத்தகைய இடம் அளிக்கின்றன என்னும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

இந்த ஆய்வு தலைநகர்த் தமிழர்க்கு வெறும் பொழுதுபோக்கு ஆகாது. கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய நம் குடும்பங்களுள் பல, ஒரு தேர்வின் வழியாகவே இங்கு வந்து சேர்ந்தவை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, தேர்வெழுதி, பணி ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் வந்திறங்கிய தலைமுறையின் வழித்தோன்றல்கள் நாம். ஊரில் நிலபுலன் உடையவர்க்கு அது துணை. கடைவீதியில் கடை உடையவர்க்கு அது துணை. அரசு ஊழியன் தன் மக்களுக்கு விட்டுச் செல்லக்கூடியது படிப்பு ஒன்றே. ஓய்வு பெற்றால் குடியிருக்கும் அரசு வீட்டையும் திருப்பித் தந்துவிட வேண்டியவன் அவன். ஆகவே, தேர்வு என்னும் சொல் நம் வீடுகளில் சற்று உரக்கவே ஒலிக்கும்.

முதலில், நம் நகரிலேயே நிகழும் கதையை எடுத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கி வெளியிட்ட ‘வறுமையின் நிறம் சிவப்பு’, தில்லியில் வேலை தேடி அலையும் தமிழ் இளைஞர்களைப் பற்றியது. கமலஹாசன் ஏற்ற இரங்கன் என்னும் பாத்திரம், தத்துவம் பயின்ற பட்டதாரி. பாரதியை நெஞ்சில் ஏந்தியவன். அவனுடைய தந்தையாக நடித்த பூர்ணம் விசுவநாதன், தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த நம்மவர் என்பதைப் பழைய அன்பர்கள் அறிவர். உணவில்லாத வீட்டில், வந்தவர் அறியாவண்ணம் உண்பது போல் ஒலியெழுப்பும் காட்சி, நாடகத்தன்மை மிகுந்ததே. பசியைப் பற்றிய வசனங்கள் சில இடங்களில் மேடைப்பேச்சாகவே நீண்டுவிடுகின்றன. இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னும், அப்படத்தின் முடிவு நம்மை வியக்க வைக்கிறது. இரங்கனுக்கு இறுதிவரை அவன் படிப்புக்கேற்ற வேலை கிட்டவில்லை. அவன் முடிதிருத்தும் தொழிலை மேற்கொள்கிறான். நேர்மையாளனுக்குக் கடைசியில் ஒரு மேலதிகாரி நாற்காலியைத் தந்து அனுப்பும் எளிய வழியைப் பாலசந்தர் நாடவில்லை. பட்டம் தோற்றது, மனிதன் தோற்கவில்லை என்று காட்ட அவருக்குத் துணிவு இருந்தது.

அக்காலத்தில் திரை என்பது குடும்பம் கூடிக் காணும் ஒன்றாக இருந்ததையும் நாம் மறத்தலாகாது. தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, 1961இலேயே பள்ளிப் பாடங்களைச் சுமக்க முற்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. தொழில்நுட்பத்தை ஓர் ஆசிரியராகவே அரசு கண்ட காலம் அது. பின்னர் 1984இல் வந்த ‘ஹம் லோக்’ தொடர், பாடத்தையும் கதையையும் ஒன்றாகக் குழைத்துத் தந்தது. மனோகர் சியாம் ஜோஷி எழுதிய அத்தொடரில் மருத்துவராக விரும்பும் மகளும் இருந்தாள். வேலையின்றித் திரியும் மகனும் இருந்தான். இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக்குமார் தோன்றிக் கதையைப் பற்றிச் சில சொற்கள் பேசுவார். அவர் விட்ட இடத்திலிருந்து வீட்டில் பேச்சு தொடரும். அண்டை வீட்டாரும் வந்தமர்ந்து பார்த்த நாட்கள் ஆதலால், ஒருவர் பிள்ளையின் கவலை நால்வர் காதிலும் விழுந்தது.

2009 இறுதியில் வெளிவந்த ‘த்ரீ இடியட்ஸ்’ படமும், அதனைத் தழுவி ஷங்கர் இயக்கி 2012இல் தமிழில் வந்த ‘நண்பன்’ படமும் நம் பிள்ளைகள் பன்முறை கண்டு களித்தவை. மனப்பாடக் கல்வியை இவ்வளவு மகிழ்ச்சியோடு எள்ளி நகையாடிய படம் வேறொன்று எளிதில் நினைவுக்கு வரவில்லை. அதற்காக இராஜ்குமார் ஹிரானியைப் பாராட்டலாம். ஆயின், படத்தின் தருக்கத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வெற்றியின் பின்னே ஓடற்க என அறிவுறுத்தும் கதை, அவ்வறிவுரைக்குச் சான்றாக எதைக் காட்டுகிறது? நானூறு காப்புரிமைகளுக்கு உரியவனான நாயகனை! மதிப்பெண்ணை வழிபட்டவன் அவனுக்குக் கீழே கைகட்டி நிற்க நேர்கிறது என்பதே இறுதி நகைச்சுவை. பந்தயத்தைப் பழித்த படம், நாயகனைப் பந்தயத்தில் முதல்வனாக்கியே முடிகிறது. இதற்கிடையே, கல்லூரித் தலைவரின் கடுமையால் மனமுடைந்து இறந்துபோகும் மாணவன் ஒருவன் வருகிறான். அவனுக்கு ஒரு பாடலும் ஒரு மரண ஊர்வலமும் கிடைக்கின்றன. அதன்பின் கதை சிரிப்பை நோக்கி விரைகிறது. அவன் பெற்றோர் என்ன ஆயினர் என்று கேட்கத் திரைக்கதைக்கு நேரமில்லை.

விது வினோத் சோப்ரா இயக்கி 2023இல் வெளிவந்த ‘ட்வெல்த் ஃபெயில்’ இதனினும் மேம்பட்ட படைப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. சம்பல் பகுதிச் சிற்றூரிலிருந்து வந்த மனோஜ், தில்லி முகர்ஜி நகரில் மாவு ஆலையில் உழைத்தபடியே குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறான். உண்மையில் வாழும் காவல்துறை அதிகாரி ஒருவரின் வரலாற்றைத் தழுவியது இது. மாவு படிந்த அந்தச் சிற்றறையில் ஒளியும் புழுக்கமும் நமக்குத் தெரிந்தவையாகவே இருக்கின்றன. மனோஜ் வெல்கிறான், நாமும் கண் கலங்குகிறோம். எனினும், நம் மனத்தில் நின்றவன் வேறொருவன். கௌரி அண்ணன் என்னும் துணைப் பாத்திரம், தனக்கிருந்த கடைசி வாய்ப்பிலும் தேறாதவன். ஊருக்குத் திரும்பாமல் தேநீர்க் கடை வைத்து, பின்னால் வரும் ஏழை மாணவர்க்கு வழிகாட்டியாக அமர்கிறான். இந்நான்கு படைப்புகளிலும் அரிய பாத்திரம் இவனே எனலாம். ஆனால் இயக்குநர் அவனை நாயகனுக்கு ஏணியாக நிறுத்தியதோடு அமைகிறார். கடையை மூடியபின் இரவில் கௌரி என்ன நினைத்தான்? தன் வீட்டுக்கு என்ன எழுதினான்? அவனுக்கு மணம் பேசும்போது பெண் வீட்டார் என்ன கேட்டனர்? இவை வேறொரு படத்திற்குரிய வினாக்கள். அந்தப் படத்தைக் காணவே நாம் விழைகிறோம்.

ஏனெனில் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2023ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர். பணிக்குப் பரிந்துரைக்கப் பெற்றோர் 1,016 பேர். ஆயிரத்தில் ஒருவன் என்பது படத்தின் பெயராக இருக்கையில் இனிக்கும். வாழ்க்கைத் திட்டமாக இருக்கையில் மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரையும் எண்ணிப் பார்க்கச் சொல்லும். கதை எழுதுவோர் மீண்டும் மீண்டும் அந்த ஒருவனையே தேடிச் செல்கின்றனர். வென்றவன் சொன்னால்தான் தோல்வியும் கதையாகிறது. வெல்லாதவன் சொன்னால் அது புலம்பல் எனப்படுகிறது.

இனி, இளைஞர்கள் பெரிதும் போற்றும் ‘கோட்டா ஃபேக்டரி’ தொடருக்கு வருவோம். தில்லி–மும்பை இருப்புப்பாதையில், சம்பல் ஆற்றங்கரையில் உள்ள கோட்டா நகரம் ஒரு காலத்தில் செயற்கை இழை ஆலைக்குப் பெயர் பெற்றது. அவ்வாலையில் பொறியாளராக இருந்த வி. கே. பன்சால், உடல் நலிந்த நிலையில் வீட்டில் சில மாணவர்க்குக் கணிதம் சொல்லித் தரத் தொடங்கினார். 1991இல் அது பயிற்சி நிலையமாக வளர்ந்தது. 1997இல் ஆலை மூடப்பட்டது; ஊர் மாணவர்களை நம்பி வாழலாயிற்று. ‘ஃபேக்டரி’ என்னும் தலைப்பின் பொருள் இவ்வரலாற்றை அறிந்தார்க்கு இன்னும் நன்கு விளங்கும்.

2019இல் வெளிவரத் தொடங்கி, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்த இத்தொடர் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. விடுதி அறை, உணவுக்கூடம், வகுப்பு என மூன்றே புள்ளிகளில் சுழலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் வாழ்வை மிகையின்றிக் காட்டியது அதன் முதற்சிறப்பு. வைபவ் என்னும் தலைமை மாணவனைக் கடைசியில் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறாதவனாகவே விட்டது அதனினும் பெரிய சிறப்பு. மாணவர் ஒருவரின் மரணம் ஆசிரியரையே நிலைகுலையச் செய்வதைக் காட்டியதும் நேர்மையான செயல். 2023இல் அந்நகரில் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம், பதினாறு வயது நிறையாதோரைப் பயிற்சி நிலையங்கள் சேர்த்தலாகாது என வழிகாட்டு நெறி வகுக்க நேர்ந்தது. இவற்றை நினைத்தால், தொடரின் துணிவு வெறும் கலைத்துணிவு அன்று என்பது புலனாகும்.

ஆயினும் இத்தொடர் எங்கே, எவ்வாறு காணப்படுகிறது என்பதையும் திறனாய்வாளன் கேட்டாக வேண்டும். முதற்பருவம் இணையத்தில் இலவசமாக வெளிவந்தது. அதற்குப் பொருளுதவி செய்தது ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனம். பயிற்சித் தொழிலின் துயரத்தைக் கூறும் கதையைப் பயிற்சித் தொழிலே வழங்கியது. கதையில் வரும் ஜீத்து அண்ணன் என்னும் ஆசிரியர், அண்ணன்போல் தோளில் கைவைத்துப் பேசுகிறார். அவ்வேடம் பூண்ட ஜிதேந்திரகுமார் தாமும் ஐ.ஐ.டி.யில் பயின்றவர். கைப்பேசியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் நடிகரைப்போல் நகைச்சுவை பேசுகின்றனர். நடிகர் ஆசிரியரைப்போல் அறிவுரை கூறுகிறார். மாணவன் பகலெல்லாம் பாடம் கேட்டதும் அந்தக் கையகலத் திரையில். மதிப்பெண் வந்ததும் அதில். மனம் சோர்ந்தபின் ஆறுதல் தேடிக் கதை பார்ப்பதும் அதில். அவன் இளைப்பாறச் செல்வதாக எண்ணி அதே வகுப்பறைக்கே திரும்புகிறான். காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு அவன் தனியே காண்பதால், அவனை வாட்டிய காட்சி எது என்பது அடுத்த அறையில் இருக்கும் தாய்க்கும் தெரிவதில்லை.

கைப்பேசியைக் குறைகூறுவது நம் கருத்தன்று. 2020இலும் 2021இலும் நோயச்சத்தால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நம் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகாமல் காத்தவற்றுள் அக்கருவியும் ஒன்று. கருவி எதையும் சுமக்கும். ‘ஹம் லோக்’ காலத்தில் கதை முடிந்ததும் தொடங்கிய பேச்சைத்தான் அது தன்னொடு சுமந்து வரவில்லை. அதனை நாமே கொணர்ந்து சேர்த்தல் வேண்டும். பிள்ளையோடு அமர்ந்து இத்தொடரைக் காணும் தந்தை, வைபவ் ஏன் தோற்றான் என்று கேளாமல், தோற்றபின் அவன் யாரிடம் முதலில் பேசியிருக்க வேண்டும் என்று கேட்கலாம். அவ்வொரு வினாவில் பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கும்.

எழுதும் ஆற்றல் உடையோர்க்கு இன்னொன்று சொல்வோம். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் முதன்மை மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மேடையேற்றிச் சிறப்பிக்கிறோம். அது நன்று, தொடரட்டும். கை தட்டும் கூட்டத்தின் பின்வரிசையில், இவ்வாண்டு தேறாத பிள்ளை ஒருவனும் பெற்றோருடன் அமர்ந்திருக்கிறான். அவன் பிற்காலத்தில் அச்சகம் நடத்தலாம், மின்பணியாளன் ஆகலாம், மறுமுறை எழுதித் தேறவும் செய்யலாம். அல்லது இரங்கனைப்போல் யாரும் எதிர்பாராத தொழிலில் நிமிர்ந்து நிற்கலாம். அவன் அதிகாரியாகும்வரை காத்திராமல், அவன் இருக்கும் நிலையிலேயே அவனுடைய கதையை எழுத நம்மிடையே ஒருவர் முன்வருதல் வேண்டும். பாண்டியன் பாடாமல் விட்ட அந்த இரண்டாம் பிள்ளைக்குத் தமிழ் இன்னும் ஒரு பாடல் கடன்பட்டிருக்கிறது.