சிற்றுருவங்களைப் போற்றும் மொழி: கிருஷ்ணநகர் மண்ணுருவங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மேற்கு வங்காளத்தின் நதியா மாவட்டத்தில், ஜலங்கி ஆற்றங்கரையில் அமைந்த கிருஷ்ணநகரின் ஒரு பகுதி கூர்ணி. 18ஆம் நூற்றாண்டில் நதியாவை ஆண்ட மகாராஜா கிருஷ்ணசந்திரரின் ஆதரவால் மண்ணுருவக் கலை இங்கு வேரூன்றியது என்பர். 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெரும்பொருட்காட்சியில் இவ்வூர் உருவங்கள் இடம்பெற்றன. அக்காலத்தில் உழவர், தண்ணீர் சுமப்போர், நெசவாளர் எனத் தொழில்வகையினரைக் காட்டும் உருவங்களே பெரும்பான்மையாகச் செய்யப்பட்டன. பின்னர் இராமகிருஷ்ணர், விவேகானந்தர், தாகூர், காந்தியடிகள், நேதாஜி முதலிய வரலாற்று மாந்தரின் சிற்றுருவங்களும் அவ்வரிசையில் சேர்ந்தன.

உள்ளங்கையில் அடங்கும் இவ்வுருவங்களைக் காண்போர் வியக்கின்றனர். அவ்வியப்பு நியாயமானது. ஆனால் அதனைத் தமிழில் எடுத்துரைக்கப் பயன்படும் சொற்களை நோக்கின், அவை வியப்புக்குரிய பொருளைக் காட்டுவதினும் மறைப்பதே மிகுதி எனத் தோன்றுகிறது. இக்கட்டுரை உருவங்களைத் திறனாயவில்லை. அவற்றைப் போற்றும் மொழியைத் திறனாய்கிறது. கைவினைப் பொருள்களுக்குரிய காட்சிக் குறிப்புகளும் விளக்க ஏடுகளும் இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கப்பட்டு வருவதால், இச்சிக்கல் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாகிறது.

2. மூலத்தை முன்கருதும் சொற்கள்

வரலாற்று மாந்தரின் சிற்றுருவங்களைப் பாராட்டும் தமிழ்த் தொடர்களில் மிகுதியாக வழங்குபவை மூன்று:

(அ) தத்ரூபமாக இருக்கிறது.
(ஆ) அச்சு அசலாக அவரேதான்.
(இ) உயிரோட்டமாக இருக்கிறது, பேசாத குறைதான்.

முதல் இரண்டும் ஒப்பீட்டுத் தொடர்கள். 'தத்ரூபம்' என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் 'அவ்வுருவம்' என்பது. 'அசல்' என்பது அரபு மொழியினின்று உருது வழியாக வந்தது; 'வேர், மூலம்' என்பது அதன் பொருள். எனவே இவ்விரு தொடர்களும் ஒரு மூல உருவம் உண்டு என்பதையும், அது பேசுவோருக்கும் கேட்போருக்கும் தெரியும் என்பதையும் முன்கருதுகின்றன. பொருண்மையியலார் முற்கோள் என்று குறிப்பது இதனையே.

இம்முற்கோள் எங்கெல்லாம் நிறைவேறுகிறது என்று பார்க்கவேண்டும். காந்தியடிகளுக்குப் புகைப்படங்கள் உள்ளன. எனினும் கோலூன்றி நடக்கும் காந்தியின் சிற்றுருவம் பெரும்பாலும் புகைப்படத்தை நேராகப் பின்பற்றுவதன்று. தண்டி யாத்திரையை ஒட்டி 1930இல் நந்தலால் போஸ் உருவாக்கிய அச்சுச்செதுக்கோவியமும், அதற்குப்பின் நாடெங்கும் எழுந்த சிலைகளும் அந்நிலையை மரபாக்கிவிட்டன. சிற்றுருவத்தின் மூலம் இங்கு மனிதர் மட்டும் அல்லர். முன்னைய படிமமும் ஆகும்.

திருவள்ளுவரின் நிலை இன்னும் தெளிவானது. இன்று அனைவரும் அறிந்த வள்ளுவர் தோற்றம், 20ஆம் நூற்றாண்டில் கே. ஆர். வேணுகோபால் சர்மா தீட்டிய ஓவியத்தினின்று பரவியது. வள்ளுவரைக் கண்டு எழுதிய ஓவியம் எதுவும் இல்லை. ஆயினும் வள்ளுவரின் சிற்றுருவத்தைக் கண்டவர் 'தத்ரூபம்' என்று கூறத் தயங்குவதில்லை. முற்கோள் பொய்த்தபோதும் தொடர் பொருளற்றதாகத் தோன்றாமைக்குக் காரணம், அது கூற்றாக அன்றி வியப்பொலியாகவே அங்குச் செயற்படுகிறது என்பதாகும்.

மேலும், விரலளவு உருவத்தில் முகத்தின் எல்லாக் கூறுகளையும் அமைத்தல் இயலாது. சில கூறுகளைத் தேர்தலும் பிறவற்றை விடுதலும் நிகழ்ந்தே ஆகவேண்டும். காந்தியடிகளுக்கு மூக்குக்கண்ணாடியும் கோலும், பாரதிக்கு முண்டாசும் மீசையும், விவேகானந்தருக்குத் தலைப்பாகையும் மார்பின்குறுக்கே கட்டிய கைகளும், அம்பேத்கருக்கு மேலங்கியும் கையிலுள்ள நூலும் போதுமானவை. பெர்ஸின் குறிவகைப்பாட்டைக் கொண்டு நோக்கின், பெரிய சிலையில் ஒப்புமைக்குறி மேலோங்குகிறது. உருவம் சிறுகச்சிறுக மரபுக்குறியின் பங்கு வளர்கிறது. எதனை விட்டால் ஆள் அடையாளம் அழியும், எதனை விட்டாலும் அழியாது என்று அறிவதே சிற்றுருவக் கலைஞரின் அறிவு. 'தத்ரூபம்' என்னும் சொல் எல்லாம் இருக்கிறது என்கிறது. கலையோ பலவற்றை விட்டதில் இருக்கிறது.

3. உயிர்ப்பும் மருட்சியும்

'உயிரோட்டம்' என்ற பாராட்டுக்கும் ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. திருக்குறள் பாவையை உவமையாக ஆளும் இடங்கள் இங்குக் கருதத்தக்கவை. நுண்ணிய கல்வி இல்லாதவனின் அழகுக்கு, மண்ணால் அழகுறப் புனைந்த பாவை உவமையாகிறது (407). நாணம் இல்லாதவரின் இயக்கத்துக்கு, கயிற்றால் ஆட்டப்பட்டு உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவை உவமையாகிறது (1020). இரு குறள்களிலும் பாவையின் அழகோ உயிர்ப்புத் தோற்றமோ மறுக்கப்படவில்லை. அது உள்ளீடற்றது என்பதே சுட்டப்படுகிறது. அங்கு மருட்சியாகக் கண்டிக்கப்பட்ட தன்மையே இன்று மிகுபுகழ்ச்சியாக வழங்குகிறது. மதிப்பீட்டுத் திசை மாறினும் இரு வழக்குகளுக்கும் ஒரு பொதுமை உண்டு: பாவையைச் செய்தவர் இரண்டிலும் காணப்படவில்லை.

4. வினைச்சொற்கள் காட்டும் கை

செய்தவரைக் காட்டும் ஆற்றல் தமிழுக்கு இல்லாமல் இல்லை. மூலப்பொருளுக்கும் செய்முறைக்கும் ஏற்பத் தமிழ் தனித்தனி வினைகளைக் கொண்டுள்ளது. சக்கரத்தில் வைத்துச் செய்வது வனைதல். கையால் அழுத்தி உருவாக்குவது பிடித்தல். உருக்கி ஊற்றுவது வார்த்தல். கல்லிலும் மரத்திலும் உளி கொண்டு செய்வது செதுக்குதல். சுழற்றிச் செய்வது கடைதல். குயவர் பானையை வனைகிறார், பிள்ளையாரைப் பிடிக்கிறார். இவ்வினைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வாரா. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததைக் கூறும் பழமொழி, 'பிடித்தல்' என்னும் செயலில் உள்ள இடர்ப்பாட்டையும் உணர்த்துகிறது. கையால் பிடிப்பதில் முடிவு முன்னரே உறுதியாவதில்லை.

இவ்வளவு நுட்பமான வினைவளம் இருந்தும், விளக்கக் குறிப்புகளின் மொழி பெரும்பாலும் 'வடிவமைக்கப்பட்டுள்ளது', 'உருவாக்கப்பட்டுள்ளது' என்னும் செயப்பாட்டு வினைகளையே நாடுகிறது. இதனால் இழப்புகள் இரண்டு. எழுவாய் நீங்குவதால் கலைஞர் மறைகிறார். பொதுவினை வருவதால் செயல்முறை மறைகிறது. அச்சில் எடுத்த உருவமும் கையால் பிடித்த உருவமும் ஒரே வினையின்கீழ் வந்துவிடுகின்றன. கையால் செய்ததைப் புகழ 'அச்சு அசல்' என்று அச்சையே துணைக்கழைப்பது இவ்வழக்கின் முரண்.

கூர்ணியில் களிமண்ணைப் பிசைந்து, கைவிரலாலும் மெல்லிய மூங்கில் குச்சியாலும் உறுப்புகளை அமைத்து, உலர்த்திச் சுட்டு, பின்னர் வண்ணம் எழுதுகின்றனர். ஒவ்வொரு படிக்கும் தமிழில் நேரிய வினை உண்டு. இருக்கும் சொல்லை விட்டு வெற்றுச்சொல்லை ஆளுதலை எளிமை என்று கொள்ளல் ஆகாது.

5. பெயர்ச்சொற்களும் மதிப்பும்

பொருளின் பெயரிலும் இச்சிக்கல் தொடர்கிறது. 'பொம்மை' என்பது தெலுங்கின் 'பொம்ம', கன்னடத்தின் 'பொம்பெ, கொம்பெ' ஆகியவற்றோடு ஒப்பிடத்தக்க சொல். தற்காலத் தமிழில் அது விளையாட்டுப் பொருளையே முதலில் நினைவூட்டுகிறது. 'பொம்மை அரசு' போன்ற தொடர்களில் தன்னியக்கம் இன்மையையும் குறிக்கிறது. 'சிற்பம்', 'சிலை' ஆகியன உயர்மதிப்புச் சொற்கள். ஆயின் 'சிலை' என்பதற்குக் கல் என்ற பொருளும் உண்டு. காந்தியடிகளைக் கல்லில் செதுக்கியவர் சிற்பி. மண்ணில் பிடித்தவர் பொம்மைத் தொழிலாளி. ஆளும் ஒருவர், திறனும் குறைவன்று, வேறுபடுவன பொருளும் அளவுமே.

வங்காளியில் 'புதுல்' என்பது பொம்மையைக் குறிக்கும். ஆயினும் செய்பவரைக் குறிக்க 'மிருத்சில்பி' என்ற மதிப்புடைய சொல் அங்கு வழக்கில் உள்ளது. இதனைத் தமிழில் 'பொம்மை செய்பவர்' என்று பெயர்ப்பது பொருளளவில் பிழையன்று, மதிப்பளவில் பிழை. தமிழிலும் இதற்கு நிகரான சொல் இருந்தது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் கைவினைஞரை வரிசைப்படுத்துமிடத்தில் 'மண்ணீட்டாளர்' என ஒரு பிரிவினரைக் கூறுகிறது. மண்ணால் உருவம் அமைப்போர் என்பது அதன் பொருள். ஓவியரோடு சேர்த்து அவர் எண்ணப்பெறுவது நோக்கத்தக்கது. இச்சொல்லைப் புழக்கத்திற்குக் கொணர முடியுமா என்பது வேறு வினா. ஆனால் தமிழில் நிகர்ச்சொல் இல்லை என்னும் வாதத்திற்கு இடமில்லை.

6. சிறுமையும் நுண்மையும்

'மினியேச்சர்' என்ற சொல்லை எவ்வாறு பெயர்ப்பது? இச்சொல்லின் வேர் சிறுமையைக் குறிப்பதன்று. செந்தூரத்தைக் குறிக்கும் 'மினியம்' என்னும் இலத்தீன் சொல்லினின்று, ஏடுகளில் செவ்வண்ணம் தீட்டும் தொழிலின் பெயராய் அது பிறந்தது. சிறுமைப்பொருள், சிறியது என்று பொருள்படும் 'மினிமஸ்' போன்ற சொற்களின் ஒலியொப்புமையால் பின்னர் ஏறியது. ஐரோப்பிய மொழிகளில் நிகழ்ந்த இப்பொருள் மாற்றம் தமிழ்ப் பெயர்ப்பைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை.

தமிழில் 'சிறுமை' அளவையும் இழிவையும் ஒருங்கே குறிக்கும். 'நுண்மை'யோ அளவோடு கூர்மையையும் அறிவையும் குறிக்கும். 'நுண்கலை', 'நுண்ணறிவு' என்பன சான்று. எனவே அளவை மட்டும் சுட்டுமிடத்துச் 'சிற்றுருவம்' என்றும், வேலைப்பாட்டைச் சுட்டுமிடத்து 'நுண்சிற்பம்' என்றும் வேறுபடுத்துவது பயன்தரும்.

சிறியது இழிந்ததன்று என்பதற்குத் தமிழ் வாழ்வும் சான்றாகிறது. 'கொலு' என்பது அரசர் வீற்றிருக்கும் அவையைக் குறிக்கும் சொல். நவராத்திரியில் படிகளில் அடுக்கப்படும் சிற்றுருவங்கள் கொலுவீற்றிருக்கின்றன. பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் செய்யப்படும் உருவங்களில் தெய்வங்களோடு காந்தியடிகளும் பாரதியும் இடம்பெறுகின்றனர். அங்கு அளவு எவ்வகையிலும் மதிப்பைக் குறைக்கவில்லை.

7. முடிவுரை

பாராட்டுத் தொடர்கள் வழக்கினால் தேய்ந்தவை. அவற்றில் தருக்கம் தேடலாகாது எனச் சிலர் கூறலாம். பேச்சுவழக்கைப் பொறுத்தவரை இக்கருத்து ஏற்கத்தக்கதே. வியந்தவர் 'பேசாத குறைதான்' என்று கூறுவதில் குறையொன்றுமில்லை. ஆனால் அதே தொடர் காட்சிக் குறிப்பாகவும் ஏட்டுப் பதிவாகவும் மொழிபெயர்ப்பாகவும் நிலைபெறும்போது, அது சான்றாகிவிடுகிறது. பின்வரும் இரு வாக்கியங்கள் ஒப்பிடத்தக்கவை:

(1) காந்தியடிகளின் உருவம் தத்ரூபமாக வடிவமைக்கப்பட்டுள்ளது.
(2) நான்கு விரற்கடை உயரமுள்ள இக்காந்தி உருவத்தைக் கூர்ணிக் கலைஞர் இன்னார் களிமண்ணில் கையால் பிடித்துச் சுட்டு வண்ணம் எழுதினார்.

முதலாவது பார்த்தவரின் உணர்வை மட்டும் கூறுகிறது. இரண்டாவதில் அளவு, ஊர், ஆள், பொருள், செயல் ஆகிய ஐந்தும் உள்ளன. புகழ்ச்சிச்சொல் ஒன்றுகூட இல்லை. எனினும் வியப்பிற்கான காரணம் அதில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கூர்ணிக் கலைஞருள் ஜதுநாத் பால் போன்ற சிலர் இன்றும் அறியப்படுவதற்குக் காரணம், அவர்களின் பெயர் எழுத்தில் ஏறியது என்பதே. அவர்களுக்கு இணையாக உழைத்தும் பெயர் எழுதப்படாதோரின் ஆக்கங்கள் இன்று வெறும் பொம்மைகளாகவே எஞ்சியுள்ளன. வரலாற்று மாந்தரை மண்ணில் நிலைநிறுத்தியவர்கள் வரலாற்றில் இடம்பெறுவது, ஓரளவேனும், குறிப்பெழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் தேரும் எழுவாயையும் வினையையும் பொறுத்தது.