கம்ப்யூட்டரில் பெய்யும் மழை

2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று இன்னமும் டீக்கடையில் சொல்கிறார்கள். மேப்பைப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றில் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழையும்.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் எல்லோரும் சொல்லும் மந்திரம் 'சிமுலேஷன்'. மழை, ஏரி, ஆறு மூன்றையும் சமன்பாடுகளாக்கி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. புதுசு இல்லை. ஹார்வர்டில் ஒரு குழு ஓர் ஆற்றுப் படுகையை அணைகளோடு சேர்த்து இப்படி ஓட்டிப் பார்த்து, 1962-லேயே தடிமனாகப் புத்தகம் போட்டுவிட்டது. சென்னைக்கு 2019-ல் 'சி-ஃப்ளோஸ்' வந்தது. நூற்றுக்கணக்கான வெள்ளங்களை முன்னாடியே கம்ப்யூட்டரில் வரவழைத்துச் சேமித்து வைத்துக்கொண்டு, நிஜ மழை வரும்போது அதற்குப் பொருத்தமானதை எடுத்துக் காட்டும். கெட்டிக்கார ஏற்பாடு.

என் புகார் வேறு. இது எச்சரிக்கை மணி. எந்த ஏரியில் எவ்வளவு இடம் காலியாக வைப்பது என்ற முடிவை மணி எடுக்காது.

சின்னக் கணக்கு. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. அந்த ராத்திரி திறந்தது விநாடிக்கு 29,000 கன அடி, அதாவது மணிக்கு 104 மில்லியன். ஏரியின் மேல் இரண்டு அடியில் பிடிப்பது சுமார் 500 மில்லியன். அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால் அஞ்சு மணி நேரம்கூடத் தாங்காது! 'அப்ப அக்டோபர்லயே பாதி ஏரியைக் காலி பண்ணிடு' என்று எந்த புரோகிராமும் சொல்லும். வடகிழக்குப் பருவமழை காலை வாரினால்? 2019 ஜூனில் இதே ஏரி வறண்டு கிடந்தது, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். வெள்ளமா, தாகமா, எந்த ரிஸ்க்கை எடுப்பது என்று கம்ப்யூட்டரைக் கேட்பது அநியாயம். அதை மனிதர்கள் ஆகஸ்டிலேயே தீர்மானித்து, இந்தத் தேதியில் இந்த மட்டம் என்று நாலு பேருக்குத் தெரியும்படி எழுதி ஒட்ட வேண்டும். நள்ளிரவில் ஷட்டர் பக்கத்தில் நின்று யோசிக்கும் விஷயமில்லை.

இன்னொன்று, நம் பெரியவர்கள் வெட்டிய ஏரிகள் சங்கிலி மாதிரி. ஒன்றின் கலங்கலில் வழிவது அடுத்ததற்குப் போகும். இந்தச் சின்ன ஏரிகள்தான் தாம்பரத்தின் நிஜமான வெள்ளத் தடுப்பு. நடுவில் ஒரு வாய்க்கால் மேல் நகர் போட்டு, குறுக்கே காம்பவுண்டும் எழுப்பியாச்சு என்றால், அந்தச் சுவர் மாடலிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கிரீனில் தண்ணீர் சமர்த்தாக ஆற்றுக்குப் போகும், நிஜத்தில் ஹாலுக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரில் மறுபடி படகு விட்டார்கள்.

மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றிதழ் கேட்டு அலைகிறார். 49 சென்டிமீட்டர் பெய்தால் இந்த சர்வே நம்பரில் எத்தனை அடி நிற்கும் என்ற கணக்கையும் பத்திரத்தோடு இணைத்துக் கொடுக்கட்டும். எந்தெந்த நகர் விலை விழுகிறது பார்ப்போம்.