சுமந்தவர்கள், ஓடிப்போனவர்கள் – சாமுவேல் போர்னின் இமயமலைப் படங்களை முன்வைத்து

பயணத்தில் எடுத்த படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எடுத்தவருடைய அனுபவத்தைத்தான் கேட்கிறோம். மழையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்தப் பாறையில் வழுக்கி விழுந்தார், வெளிச்சம் எப்போது வாய்த்தது என்று. இந்தக் கதையாடலில் அனுபவம் என்பது காமிராவுக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை ஆளின் சொத்து. பெட்டி தூக்கி வந்தவனுக்கு அனுபவம் கிடையாது. அவனுக்கு இருப்பது வேலை. அனுபவம் வேறு, வேலை வேறு என்கிற இந்தப் பிரிப்பு ரொம்ப இயல்பானதாக ஆகிவிட்டது. அது எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க சாமுவேல் போர்னிடம் போகலாம்.

போர்ன் நாட்டிங்காமில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர். 1863இல் இந்தியா வந்தார். 1863, 1864, 1866 என்று மூன்று முறை காமிராவோடு இமயமலைக்குள் போனார். சிம்லாவிலிருந்து சட்லெஜ் பள்ளத்தாக்கு வழியாகச் சினி, ஸ்பிதி எல்லை வரைக்கும் முதல் பயணம். பத்து வாரத்தில் 147 நெகடிவ்கள். இரண்டாவது காஷ்மீர், அதில் ஐந்நூறுக்கும் மேல். மூன்றாவதில் மணிராங் கணவாய், கங்கோத்ரி. மணிராங்கில் அவர் கணக்குப்படி 18,600 அடி உயரத்தில் நின்று எடுத்த படங்கள் உயரத்தில் அன்றைக்கு ஒரு சாதனை. புகைப்பட வரலாறுகள் இந்த எண்ணைச் சொல்லத் தவறுவதே இல்லை.

அந்த உயரத்துக்கு எது போய்ச் சேர்ந்தது என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். அப்போது இருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம்பிடித்து, அங்கேயே இருட்டில் கழுவி முடிக்கவேண்டும். ஆக, இருட்டறையையே கூடாரமாக மலைமேல் தூக்கிப் போகவேண்டும். 12க்கு 10 அங்குலத் தகடுகள் நூற்றுக்கணக்கில், உடையாமல். ரசாயன சீசாக்கள், காமிரா, முக்காலி. அப்புறம் துரையின் கட்டில், சாப்பாடு. முதல் பயணத்துக்கே முப்பது பேருக்குக் குறையாமல் சுமையாட்கள் தேவைப்பட்டார்கள். பின்னால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறியது. 147 நெகடிவ்கள் என்பது முப்பது முதுகுகளின் கணக்கும்கூட.

போர்ன் நிறைய எழுதினார். 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபி' பத்திரிகையில் இந்தப் பயணங்கள் தொடராக வந்தன. படங்களில் இல்லாதது அந்த எழுத்தில் இருக்கிறது. சுமையாட்கள் நடுவழியில் பெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடிப்போகிறார்கள். துரை தடியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்குள் போகிறார், ஒளிந்திருந்தவர்களைக் கண்டுபிடிக்கிறார், அடிக்கிறார். இதை வெட்கப்படாமல் எழுதுகிறார் என்பதுதான் கவனிக்கவேண்டியது. எழுத்தில் தடி, படத்தில் பனி. இரண்டையும் ஒரே கைதான் பிடித்திருந்தது என்றாலும் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுகிறவருக்குப் பனி மட்டும் போதும்.

இதே மனிதர்தான் காமிராவைப் பீரங்கியோடு ஒப்பிட்டவர். வெற்றிகொண்டவர்கள் பீரங்கி மட்டுமல்ல, இப்படியும் ஒரு கருவி செய்யக்கூடியவர்கள் என்பதை முக்காலியும் பித்தளை வாயும் சுதேசிகளுக்குக் கற்றுக்கொடுத்தது, அதுவும் சத்தமும் புகையும் குறைவாக என்று எழுதினார். 1857 நடந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. நாம் கஷ்டப்பட்டுக் கோட்பாடு வைத்து நிறுவவேண்டியதை அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காஷ்மீரில் அவருக்கு இன்னொரு மனக்குறை. படத்துக்கு உயிரூட்ட ஆட்களை நிறுத்தினால் அவர்கள் இயல்பாக நிற்பதில்லையாம். கைகளைத் தொங்கவிட்டு விறைத்துக்கொண்டு, கழுத்தறுபடப் போகிறவர்கள் மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்களாம். சில விநாடிகளாவது அசையாமல் நிற்கச் சொன்னால் யாருமே விறைக்கத்தான் செய்வார்கள் என்பது ஒரு பக்கம். முந்தின வருஷம் அடிபட்டவர்களும் இவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதும் உண்மை. ஆனால் கழுத்தறுப்பு என்கிற உவமை அவருக்கு ஏன் வந்தது? தன் கருவிக்கு முன்னால் நிற்பவன் எதை எதிர்பார்த்து நிற்கிறான் என்று அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. அந்த விறைப்பை அறியாமை என்று அவர் வாசித்தார். நாம் அதை மறுப்பாக வாசிக்க இடமிருக்கிறது.

ஓடிப்போனதைப் பற்றி இன்னும் கொஞ்சம். பயணிகளும் அதிகாரிகளும் வந்தால் சுமைதூக்க ஆள் பிடித்துக் கொடுப்பது அந்த மலைகளில் ஊர்த் தலைவர்கள்மேல் விழுந்த கடமை. பேகார் என்று அதற்குப் பெயர், நம்ம ஊர் வெட்டி மாதிரி. சில இடங்களில் கூலி உண்டு, மாட்டேன் என்று சொல்லத்தான் வழி கிடையாது. போர்னின் முதல் பயணம் ஜூலை கடைசியில் தொடங்கி அக்டோபர்வரை நடந்தது. வயலில் வேலையும் அறுப்பும் இருக்கிற காலம். ஓடியவர்கள் சோம்பேறிகள் அல்ல, விவசாயிகள். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினால் அன்றைக்குக் காமிரா நகராது. அவர்களால் எடுக்கப்படாமல் போன படங்கள் எத்தனையோ. எந்த ஆவணக்காப்பகத்திலும் அவற்றுக்குப் பட்டியல் எண் கிடையாது.

இது தனித்தனியாக ஓடினவர்களோடு முடியவில்லை. 1921 ஜனவரியில் குமாவுன் மலையில், பாகேஷ்வரில், உத்தராயணித் திருவிழாவுக்குக் கூடிய மக்கள் கூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். அதே காலத்தில் சட்லெஜ் பக்கத்துக் கோட்கரிலும் பேகார் எதிர்ப்பு நடந்தது. போர்னின் படங்களை வாசிக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பைவிட இந்த இரண்டு செய்திகளும் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

நம் பக்கமும் கதை வேறு அல்ல. கம்பெனிப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், சென்னை அரசின் புகைப்படக்காரராக 1857 கடைசியிலிருந்து 1858வரை ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பிரமாதமான வேலை, சந்தேகமில்லை. அவருடையது காகித நெகடிவ். வெகுநேரம் வெளிச்சம் காட்டவேண்டும், ஆகவே நடமாடுகிறவர்கள் பதியமாட்டார்கள். மதுரை மாதிரி ஜனக்கூட்டமான ஊரும் காலியாக நிற்கிறது. தொழில்நுட்பத்தின் குறை என்று சொல்லலாம். ஆனால் கலகத்துக்கு மறுவருஷம் அரசாங்கத்துக்கு அந்தக் காலியான ஊர் வசதியாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே தமிழ் படித்த நண்பர்கள் உடனே எழுந்து, நிலத்தை மனிதரில்லாமல் பார்ப்பது வெள்ளைக்காரன் பார்வை, எங்கள் திணை மரபில் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளுக்காகவே நிற்கின்றன என்பார்கள். நானும் அதைப் படித்துப் பட்டம் வாங்கினவன்தான். ஆனால் யாருடைய உரிப்பொருள்? அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் ஒதுக்கியது தொல்காப்பியம். பாலையில் பொருள்தேடிப் போகிறவனின் மனசு நமக்குப் பாட்டுப் பாட்டாகத் தெரியும். மூட்டை சுமந்து கூடப் போனவன் எந்தத் திணை? போர்னைக் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்டுத்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் பண்டிதப் பெருமை.

கடைசியாக நமக்கு நெருக்கமான ஒன்று. சாதி வன்முறை நடந்த ஊர்களுக்கு உண்மையறியும் குழுக்கள் போகின்றன. போகவேண்டும், அந்த அறிக்கைகளும் படங்களும் இல்லையென்றால் பல சம்பவங்கள் போலீஸ் சொன்ன கதையாகவே நின்றுபோயிருக்கும். ஆனால் திரும்பி வந்தபிறகு சிறுபத்திரிகைகளில் எழுதப்படும் கட்டுரைகளைப் பாருங்கள். பஸ் இல்லாமல் நடந்தோம், வெயில் கொளுத்தியது, எரிந்த குடிசைக்கு முன்னால் பேச்சே வரவில்லை. அனுபவம் மறுபடியும் போனவர்களுடையது. எரிந்த குடிசைக்காரர் படத்தில் நிற்கிறார், விறைத்துக்கொண்டு.

இன்றைக்கு அந்த ஊர்ப் பையன்கள் கையிலேயே செல்போன் காமிரா இருக்கிறது. குழு வருவதற்கு முன்பே எரிவதைப் படம்பிடித்தவர்கள் அவர்கள்தான். குழுவைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்க் காட்டுவதும் அவர்களில் ஒருவன்தான். அறிக்கையில் அவன் படம் வருகிறது, பெயர் வருவதில்லை. பெயரைப் போட்டால் மறுநாள் அவன் அதே ஊரில், அதே டீக்கடைக்கு எதிரில் நடந்தாகவேண்டும். போடாவிட்டால் அவன் எடுத்த படம் குழுவின் படமாகிவிடுகிறது. இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் நகரத்துக்குத் திரும்பிவந்து, பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்துதான் முடிவுசெய்கிறார்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் அவனிடம் கேட்டிருக்கலாம்.