கை மாறிய விம்

விம் என்ற உரை எடிட்டரில் 'டி' என்றால் அழி, 'டபிள்யூ' என்றால் சொல். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் ஒரு சொல் போகும். 'சி', 'ஐ', பிறகு ஒரு மேற்கோள் குறி: குறிகளுக்குள் இருப்பது மட்டும் அழிந்து, புதிதாக எழுத இடம் விடும். அடுத்த வரியிலும் அதே திருத்தம் வேண்டுமா? அங்கே போய் முற்றுப்புள்ளியைத் தட்டினால் போதும். பில் ஜாய் 1976-ல் எழுதத் தொடங்கிய விஐ என்ற எடிட்டரிலிருந்து வந்த இலக்கணம் இது. விரலுக்குப் பழகிவிட்டால் மவுஸைத் தொடவே மனம் வராது.

அந்த இலக்கணத்தை வளர்த்தெடுத்தவர் நெதர்லாந்தின் பிராம் மூலெனார். 1991-ல் அமிகா கணினிக்காக விம்மை வெளியிட்டார். அதன் நிரலுக்கு யார் திருத்தம் அனுப்பினாலும் அவரே படித்துப் பார்த்து, செப்பனிட்டு, எண் போட்டுச் சேர்ப்பார். அந்தக் கெடுபிடி ஒத்துவராதவர்கள் 2014-ல் நியோவிம் என்று தனிக்குடித்தனம் போனார்கள். போனதும் நல்லதுதான், அங்கே முதலில் வந்த, பின்னணியில் வேலைகளை ஓடவிடும் வசதி 2016-ல் விம் எட்டாம் பதிப்புக்கும் வந்துசேர்ந்தது.

2023 ஆகஸ்ட் 3 அன்று, 62 வயதில், பிராம் காலமானார். எல்லாமே ஒருவர் கைவழியே நடந்த இடத்தில் அடுத்து யார்? பல ஆண்டுகளாக விம்முக்குத் திருத்தங்கள் அனுப்பிவந்த கிறிஸ்டியன் பிரபாண்ட் பொறுப்பேற்றார். என் ரசனைக்கு, அவர் செய்தவற்றைவிட செய்யாமல் விட்டவை உயர்த்தி. குருவின் பாடாந்தரத்தில் கைவைக்காத சீடரைப் போல, விசைகளின் இலக்கணத்தையும் திருத்தங்களின் எண் வரிசையையும் அப்படியே விட்டார். திறக்கும்போது தெரியும் பிராம் பெயரும் அங்கேயே இருந்தது. மாற்றியவற்றில் எனக்குப் பிடித்தது ஒன்று: முன்பு எல்லாத் திருத்தங்களும் பிராம் பெயரிலேயே பதிவாகும், எழுதியவர் பெயர் குறிப்புக்குள் வரும். இப்போது எழுதியவர் பெயரிலேயே பதிவாகிறது.

பொறுப்பு கைமாறும் விதம் ஏன் முக்கியம் என்பதை 2024 மார்ச் காட்டியது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில், களைத்துப்போன பராமரிப்பாளருக்குத் தோள் கொடுப்பதுபோல் வந்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றை நுழைத்திருந்தார். உள்நுழைவில் அரை நொடி தாமதத்தைத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைப் பிடித்தார்.

விம்மில் நடந்தது வேறு விதம். 2022-ல் வந்த 9.0 பதிப்பை, மறைந்த நண்பர் ஸ்வென் குக்கஸுக்குப் பிராம் சமர்ப்பித்திருந்தார். 2024 ஜனவரி 2 அன்று வந்த 9.1, பிராமுக்கே சமர்ப்பணம். விம்முக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழியான விம்9 ஸ்கிரிப்டில் அவர் தொடங்கிவைத்த வகுப்புகள் அதில் உருப்பெற்றன. எடிட்டருக்குள் இத்தனை பெரிய மொழி தேவையா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அதைப் பாதியில் விட்டிருந்தால் ஒன்பதாம் பதிப்பே அரைகுறையாக நின்றிருக்கும்.