நல்லதங்காள் கதையின் முடிவு

குழந்தைகளுக்குச் சொல்லும் கதை இன்பமாகவே முடிய வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை, ஓநாய் அவளை விழுங்குவதோடு முடிந்துவிடுகிறது. செர்மானியரான கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட வடிவத்திலோ வேடன் ஒருவன் ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்கிறான். பிந்தைய முடிவே நமக்கு இனிக்கிறது.

நம் சிவகங்கைச் சீமையோடு தொடர்புடைய நல்லதங்காள் கதைக்கும் இரு முடிவுகள் உண்டு. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்ட அவள், பஞ்சம் தாளாது ஏழு பிள்ளைகளுடன் அர்ச்சுனாபுரத்திலுள்ள அண்ணன் நல்லதம்பியின் வீட்டை நாடுகிறாள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி இரக்கமின்றி நடத்துகிறாள். மனமுடைந்த தாய் பிள்ளைகளைக் கிணற்றில் வீசித் தானும் மாய்கிறாள். கதைப்பாடலின் சில வடிவங்களில் சிவபெருமான் தோன்றி மாண்டோரை எழுப்புகிறார்.

இவ்விரண்டில் எது நல்ல முடிவு? உயிர் மீண்டதும் நம் கண்ணீர் உலர்ந்துவிடுகிறது. பசித்தவருக்குச் சோறு மறுத்த வீட்டையும் மறந்துவிடுகிறோம். இன்ப முடிவில் உள்ள ஆபத்து இதுவே. அத்தாய் தேடிக்கொண்ட முடிவை நம் திருமறை ஏற்காது. ஆயினும் அவளைக் கிணற்றுக்குத் துரத்திய கன்னெஞ்சை அது மன்னித்து மறந்துவிடுவதுமில்லை.

டென்மார்க்கு நாட்டு ஆண்டர்சன் 1845இல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. புத்தாண்டுக்கு முந்திய இரவில் குளிரில் உறையும் அச்சிறுமியை, மறைந்த பாட்டி வந்து இறைவனிடம் அழைத்துச் செல்கிறார். அத்துடன் ஆசிரியர் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் எரிந்த குச்சிகளுடன் தெருவோரம் கிடக்கும் சிற்றுடலையும் நமக்குக் காட்டுகிறார். விண்ணகம் உண்டு, அதனால் தெருவின் குற்றம் இல்லாமற் போய்விடாது.

நம் விசுவாசத்தின் மாபெரும் இன்ப முடிவும் இத்தகையதே. உயிர்த்த ஆண்டவர் தழும்பில்லாத உடலோடு வரவில்லை. ஆணிகள் துளைத்த கைகளையே தோமாவுக்குக் காட்டினார். காயங்களை மறைக்காத மகிழ்ச்சியே உயிர்ப்பின் மகிழ்ச்சி.

ஆகவே, நல்லதங்காளின் கதையை நம் பிள்ளைகளுக்கு அஞ்சாமல் சொல்வோம். "அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் யாரும் சோறு போடவில்லை?" என்று அவர்கள் கேட்டால், வேறொரு முடிவைச் சொல்லித் தேற்ற விரைய வேண்டாம். அக்கேள்விக்கு நம் வீட்டு வாசலில் விடையளிப்போம்.