கூடங்குளத்தின் இரண்டு அறிக்கைகள்

2019 அக்டோபர் கடைசியில் எங்கள் ஊரான சங்கரன்கோவில் இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தென்காசி மாவட்டம் பிறக்க மூன்று வாரம் பாக்கி. ஆகவே கூடங்குளம் எங்களுக்கு நம்ம ஜில்லா சங்கதி. அணுமின் நிலையக் கணினிகளுக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்ற பேச்சு பரவியதும், அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளி வலையமைப்போடு தொடர்பே இல்லை, தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: தீநிரல் இருந்தது, நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4-ஆம் தேதியே தெரிவித்தது, நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள வலையமைப்பில் இருந்த ஒருவரின் கணினி அது, முக்கிய உள்வலையமைப்பு பாதிக்கப்படவில்லை.

இரண்டில் எதை நம்புவது?

முதலில் எதிர்த்தரப்பையும் உரசிப் பார்க்க வேண்டும். அக்டோபர் 19-ஆம் தேதி இரண்டாம் அலகு நின்றதைத் தாக்குதலோடு சிலர் முடிச்சுப் போட்டார்கள். அதற்கு ஆதாரமே இல்லை; நீராவி உருவாக்கியில் நீர்மட்டம் குறைந்ததுதான் சொல்லப்பட்ட காரணம். அணு உலையைத் தொட்டார்கள் என்பதற்கு இன்றுவரை பொதுவெளியில் சான்று கிடையாது. இதில் நிலையத்தின் பேச்சு நிற்கிறது.

ஆனால் கிடைத்த நிரலைப் படித்தால் கதை அவ்வளவு சின்னதில்லை. டிடிராக் என்று பெயர். தட்டும் எழுத்துகள், உலாவி வரலாறு, வலையமைப்பு விவரம் எல்லாவற்றையும் திரட்டும் உளவு நிரல். லாசரஸ் என்ற ஊடுருவல் குழுவோடு அதைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி தொடர்புபடுத்தியது. வெளிவந்த மாதிரியில் நிலையத்தின் பெயரோடு கூடிய நிர்வாகிக் கணக்கும் கடவுச்சொல்லும் 10 என்று தொடங்கும் ஓர் உள்முகவரியும் பதிக்கப்பட்டிருந்தன. 10-இல் தொடங்கும் முகவரியை இணையத்திலிருந்து யாரும் எட்ட முடியாது. நம் வீட்டு ரவுட்டர் தரும் 192.168 போல, அது சுவருக்குள் மட்டும் செல்லும் கதவு எண். அதை எழுதியவன் முன்பே ஒருமுறை உள்ளே வந்து எண்களைக் குறித்துக்கொண்டு போனவனாகத்தான் இருக்க வேண்டும். அந்த முகவரிக் கணினியைத் திறக்கும் கோப்புப் பகிர்வு நெறிமுறைக்கோ ஆள் முகம் தெரியாது, கடவுச்சொல் சரியென்றால் போதும். 'ஒருவரின் கணினி' என்ற சொல் இந்த இடத்தில் மெலிந்துவிடுகிறது.

எங்கள் ஊர்ச் சாமிக்கு ஒரே உடம்பில் அரன் பாதி, அரி பாதி. எது எங்கே முடிகிறது என்று சிலையைப் பார்த்தாலே தெரியும். வலையமைப்பில் அந்தக் கோடு அப்படித் தெரியாது. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஸ்லாம்மர் புழு நுழைந்தது. அது பயன்படுத்திய போர்ட்டை ஃபயர்வால் அடைத்தே வைத்திருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவரின் தனி இணைப்பு ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று! பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறத்தாழ 5 மணி நேரம் செத்துக் கிடந்தது. உலை அப்போது ஓடாமல் இருந்தது அதிர்ஷ்டம். ஈரானின் நதான்ஸ் அணு ஆலைக்குள் புகுந்த தீநிரலுக்கோ இணையமே தேவைப்படவில்லை. பென்டிரைவ் போதுமாயிருந்தது என்பதுதான் பரவலான கணிப்பு.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. உலை பற்றிய கூற்றை ஏற்கலாம். ஆனால் 'சாத்தியமில்லை' என்ற சொல்லை எந்தப் பொறியாளரும் கையெழுத்திட்டுத் தரக்கூடாது. கழகத்தின் அறிக்கை உண்மைக்கு அருகில் வருகிறது, சேதத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறது. நிர்வாக வலையமைப்பு என்றால் வெறும் சம்பளப் பட்டியல் அல்ல. யார் எந்தப் பிரிவு, எந்த ஒப்பந்ததாரர் எப்போது வருவார் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். அடுத்து வருபவன் பென்டிரைவை யார் கையில் கொடுப்பது என்று அதிலிருந்தே கண்டுபிடிப்பான்.

முதல் அறிக்கை தேறவில்லை. கேட்டது கணினிகளைப் பற்றி, பதில் வந்தது உலையைப் பற்றி. அதுவும், மேலிடத்துக்குத் தெரிந்து 55 நாள் கழித்து.